சும்மா, கொஞ்சம், தான்

போன ஆண்டு எங்கள் கல்லூரியில் இறுதியாண்டு மாணவிகளுக்கு ஆளுமை மேம்பாட்டுப் பயிற்சி நடந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் பலகையில் நான்கு ஆங்கிலச் சொற்களை எழுதினார்: ஜஸ்ட், ஒன்லி, எ லிட்டில், ஹார்ட்லி. நான்கின்மீதும் சிவப்புக் கோடு கிழித்தார். “இந்த நாலும் உங்க வாயில இருக்கிறவரைக்கும் உங்களுக்கு வேலை கிடைக்காது. இன்னையோட கொன்னுடுங்க” என்றார். பிள்ளைகள் அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதி, தாங்களும் ஒருமுறை கோடு கிழித்துக்கொண்டார்கள்.

அடுத்து மாதிரி நேர்காணல். நல்லம்பள்ளியிலிருந்து தினமும் பேருந்தில் வரும் ஒரு மாணவியை எழுப்பினார். அப்பா என்ன செய்கிறார்? “அக்ரிகல்ச்சர் சார்.” அம்மா? “மதர் இஸ் ஜஸ்ட் அட் ஹோம் ஒன்லி சார்.” அரங்கமே சிரித்தது. கொல்லச் சொன்ன நான்கில் இரண்டு ஒரே வாக்கியத்தில் உயிரோடு வந்துவிட்டன. “பாத்தீங்களா?” என்று கைவிரித்தார் பயிற்சியாளர். அவள் உட்கார்ந்தாள். அதன்பிறகு அன்று முழுவதும் வாய் திறக்கவில்லை.

கடைசி வரிசையில் இருந்த நானும் அன்று எதுவும் சொல்லவில்லை. அதற்கான பிராயச்சித்தமாக இதை எழுதுகிறேன் என்றும் கொள்ளலாம்.

அவள் சொன்னதில் ஆங்கிலப் பிழை இருக்கலாம், மொழிபெயர்ப்புப் பிழை இல்லை. “அம்மா சும்மா வீட்டுலதான் இருக்காங்க” என்று அவள் பிறந்த நாள் முதல் கேட்டுவந்த வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் வைத்தாள். சும்மாவுக்கு ஜஸ்ட், தானுக்கு ஒன்லி. சிரித்தவர்களில் பாதிப்பேர் வீட்டிலும் அதே வாக்கியம்தான் புழங்குகிறது. பயிற்சியாளர் அந்த வாக்கியத்தை யார் செய்தது என்று கேட்கவில்லை, சொன்ன வாயைத் திருத்தப் பார்த்தார்.

இந்தச் சொற்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். ஆங்கிலத்தில் ‘ஷி ஹார்ட்லி வொர்க்ஸ்’ என்றால் அந்த வாக்கியத்தில் ‘நோ’ கிடையாது, ‘நாட்’ கிடையாது. ஆனாலும் இலக்கணம் அதை எதிர்மறையாகவே கணக்கு வைக்கிறது. ஹார்ட்லி, ஸ்கேர்ஸ்லி, பேர்லி வரும் வாக்கியத்துக்கு வால்கேள்வி உடன்பாட்டில்தான் வரவேண்டும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். ‘டஸ் ஷி?’ என்று கேட்கவேண்டும், ‘டஸன்ட் ஷி?’ என்று கேட்டால் மதிப்பெண் போய்விடும். இல்லை என்பதைச் சொல்லாமலே இல்லையென்று ஆக்கிவிடும் சொல் அது. தமிழில் அப்படி ஒரே சொல் கிடையாது. “அவள் அவ்வளவாக வேலை செய்வதில்லை” என்று ‘இல்லை’யை நாம் வெளிப்படையாகப் போட்டாக வேண்டும்.

இன்னொரு பாடம், ‘லிட்டில்’ என்பதற்கும் ‘எ லிட்டில்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு. குடத்தில் கால்வாசித் தண்ணீர் இருக்கிறது. ‘எ லிட்டில்’ என்றால் கொஞ்சம் இருக்கிறது, சமாளிக்கலாம். முன்னால் நிற்கும் அந்த ஓரெழுத்தை எடுத்துவிட்டால் அநேகமாக இல்லை, கைவிரித்துவிடலாம். தண்ணீர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பார்த்தவரின் எதிர்பார்ப்புதான் மாறியிருக்கிறது. குறைவைச் சொல்லும் சொற்களின் சூட்சுமமே இதுதான். அவை பொருளின் அளவைச் சொல்வதுபோலத் தோன்றும். உண்மையில் அளப்பவர் எவ்வளவு எதிர்பார்த்தார், எதை மதித்தார் என்பதையே சொல்லும். ஆகவே ‘சும்மா’, ‘கொஞ்சம்’, ‘தான்’ ஆகியவற்றைக் கேட்கும்போதெல்லாம் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: படி யார் கையில் இருக்கிறது?

தமிழ் படித்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று பள்ளியில் நாம் ஒப்பித்த உரிச்சொற்கள் ஆறும் மிகுதியைக் குறிப்பவை. குறைவுக்கான சொற்களை ஆசிரியர் யாரும் நமக்கு ஒப்பிக்கச் சொல்லவில்லை. அதை வீட்டிலேயே கற்றுவிட்டோம். கொஞ்சமாகச் சிரி. மெதுவாகப் பேசு. பொட்டப்பிள்ளைக்கு இவ்வளவு போதும். ‘தான்’ என்ற இடைச்சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு. “நான்தான் செய்தேன்” என்றால் தேற்றம், மார்தட்டல். “சும்மாதான் இருக்கேன்” என்றால் சுருக்கம், ஒடுக்கம். ஒரே சொல்லின் முதல் முகம் வீட்டில் யாருக்கு வாய்க்கிறது, இரண்டாம் முகம் யாருக்கு வாய்க்கிறது என்று ஒரு வாரம் காதுகொடுத்துப் பாருங்கள்.

பயிற்சி முடிந்து சில வாரத்தில் அந்த மாணவி கல்லூரிக்கு வருவது நின்றது. மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று தோழிகள் சொன்னார்கள். வகுப்பாசிரியை என்ற முறையில் வீட்டுக்குப் போனேன். நல்லம்பள்ளியில் இறங்கி உள்ளே சற்றுத் தூரம் நடக்கவேண்டிய வீடு. அப்பா திண்ணையில் இருந்தார். “பொண்ணுக்குக் கொஞ்சம் படிப்பு இருந்தாப் போதுங்க மேடம், அதான் டிகிரி முடியப்போவுதே” என்றார். அம்மா உள்ளேயிருந்து முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தார். என்ன வேலையாக இருந்தீர்கள் என்று கேட்டேன். “சும்மாதாங்க மேடம் இருக்கறன்.”

அவர் கையில் புளி ஒட்டியிருந்தது. கொட்டை எடுத்துத் தருவதற்குக் கிலோக் கணக்கில் கூலி. பேசிக்கொண்டே அவர் வேலையைத் தொடர, நானும் விடாமல் கேட்டுக் கேட்டு அன்றைய நாளை வாங்கினேன். விடியுமுன் எழுந்து சாணி அள்ளியது, இரண்டு மாடு கறந்தது, சொசைட்டிக்குப் பால் கொண்டுபோனது, சோறாக்கியது, மாமியாருக்குக் குளிக்க வார்த்தது, காட்டில் களையெடுத்தது, தீவனம் அறுத்துச் சுமந்துவந்தது, இப்போது புளி, சாயங்காலம் மறுபடி கறவை. சொசைட்டியில் பாலை மில்லி கணக்கில் அளக்கிறார்கள். கொழுப்பு எவ்வளவு, மற்ற சத்து எவ்வளவு என்று தனித்தனியே பார்த்து விலை போடுகிறார்கள். அட்டை வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. பாலுக்கு அத்தனை துல்லியமான அளவை வைத்திருக்கும் ஊரில், கறந்தவளுக்கு இருக்கும் ஒரே அளவை ‘சும்மா’.

நாடு முழுக்க இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். 2019இல் தேசிய புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம், ஆண் செலவிடுவது 97 நிமிடம். அதிலும் ஈடுபடுகிறவர்களே பெண்களில் 81 சதவீதம் என்றால் ஆண்களில் 26 சதவீதம்தான். பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்வது இதில் சேராது, அது தனிக்கணக்கு. மாடும் காடும் வேறு. ஏறக்குறைய 5 மணி நேரத்துக்கு நம் மொழி வைத்திருக்கும் பெயர் ‘சும்மா’.

நல்லம்பள்ளியிலிருந்து சேலம் சாலையில் போனால் தொப்பூர். கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை 2023 ஜூலை 24 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அங்குதான் தொடங்கிவைத்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 15 முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் வருகிறது. திட்டத்தின் பெயரில் இருக்கும் ‘உரிமை’ என்ற சொல்லை நான் முக்கியமாகக் கருதுகிறேன். உதவி என்றிருந்தால் கொடுப்பவர் பெரியவர். உரிமை என்றால் வாங்குபவருக்கு அது ஏற்கெனவே சேரவேண்டியது. ஆனால் தேநீர்க் கடையில் என்ன பேசுகிறார்கள்? “சும்மா இருக்கறதுக்கு ஆயிரம் ரூபாயா!” கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 299 நிமிடம் என்றால் மாதத்துக்கு ஏறத்தாழ 150 மணி நேரம். 1000 ரூபாயை அதற்குப் பங்கிட்டால் மணிக்கு 7 ரூபாய்கூட வராது. அதே தொகையை ‘ஆயிரமா!’ என்று வாய்பிளக்கவும் முடிகிறது, ‘வெறும் ஆயிரம்தானே’ என்று உதறவும் முடிகிறது. குடத்துத் தண்ணீர் கதைதான்.

பயிற்சியாளரின் அறிவுரைக்கு ஒரு பூர்விகம் உண்டு. அமெரிக்க மொழியியலாளர் ராபின் லேக்காஃப் 1975இல் ‘லாங்வேஜ் அண்ட் உமன்ஸ் பிளேஸ்’ என்ற நூலை வெளியிட்டார். அழுத்திச் சொல்லாமல் மழுப்பும் சொற்கள், கேள்விபோல் முடியும் கூற்றுகள், மிகைப்பணிவு ஆகியவற்றைப் பெண்களின் மொழிக்கூறுகள் என்று அவர் பட்டியலிட்டார். பெண் இப்படிப் பேசப் பழக்கப்படுகிறாள், பிறகு இப்படிப் பேசுவதற்காகவே ஒதுக்கப்படுகிறாள், இப்படிப் பேசாவிட்டால் பெண்மை இல்லாதவள் என்று ஏசப்படுகிறாள் என்பது அவர் வாதம். பொறியைக் காட்டினார் லேக்காஃப். பின்னால் வந்த வணிகப் பயிற்சிகள் பொறியை விட்டுவிட்டுச் சிக்கிய எலிக்கு வகுப்பெடுக்கின்றன.

லேக்காஃப் சொன்னதையும் அடுத்த ஐந்தாண்டில் சோதித்துவிட்டார்கள். வில்லியம் ஓபார், போமன் அட்கின்ஸ் இருவரும் அமெரிக்காவின் வட கரோலினா நீதிமன்றங்களில் சாட்சிகள் பேசுவதைக் கவனித்து 1980இல் எழுதினார்கள். ‘பெண்மொழி’ எனப்பட்ட கூறுகள் சமூகப் படிநிலையில் கீழே இருந்த ஆண்களிடமும் இருந்தன. நிபுணராகக் கூண்டேறிய பெண்களிடம் அவை குறைவாகவே இருந்தன. அது பெண்ணின் மொழி என்பதைவிட அதிகாரமில்லாதவரின் மொழி என்பதே சரி என்றார்கள். இதற்கு நாம் வட கரோலினா போகவேண்டியதில்லை. பண்ணையாரிடம் பேசும் கூலியாளின் குரலையும், மேலதிகாரி முன் நிற்கும் கடைநிலை ஊழியரின் குரலையும் கேட்டவர்களுக்கு இது தெரியும்.

மறுபக்கமும் தெரியும். அதிகாரமுள்ளவர் வாயில் ‘கொஞ்சம்’ வந்தால் அதற்குப் பெயர் அடக்கம். பாற்கடலை நக்கிக் குடிக்க ஆசைப்பட்ட பூனை என்று கம்பர் தம்மைச் சொல்லிக்கொண்டார். அதற்கு நாம் அவையடக்கம் என்று பெயரிட்டு எட்டு மதிப்பெண் கேள்வி வைத்திருக்கிறோம். இப்படிப் பேசினால் வேலை கிடைக்காது என்று கம்பரிடம் யாரும் சொல்லவில்லை. கருத்தரங்க மேடையில் “எனக்குத் தெரிந்த கொஞ்சத்தைச் சொல்கிறேன்” என்று ஆண் பேராசிரியர் தொடங்கினால் கைதட்டுகிறார்கள். அதையே ஒரு முதுகலை மாணவி சொன்னால், ‘தன்னம்பிக்கை போதாது’ என்று மதிப்பீட்டுத் தாளில் எழுதுகிறார்கள். சொல் ஒன்று, விலை இரண்டு. ஆகவே சொல்லைக் கொன்று பயனில்லை.

கொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணமும் இருக்கிறது. இந்தச் சிறிய சொற்களுக்காகப் பெண்கள் பல ஆண்டு போராடியிருக்கிறார்கள். 1972இல் மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள் மதுரா என்ற பழங்குடி இளம்பெண் வன்புணரப்பட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 1978இல் காவலர்கள் இருவரையும் விடுவித்தது. அவள் உடலில் காயமில்லை, எதிர்த்ததற்கு அடையாளமில்லை என்பது முக்கியக் காரணமாக இருந்தது. அடுத்த ஆண்டு சட்டப் பேராசிரியர்கள் நால்வர் தலைமை நீதிபதிக்குத் திறந்த கடிதம் எழுதினார்கள். பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. 2013 திருத்தம் இன்னும் தெளிவாக்கியது: உடலால் எதிர்க்கவில்லை என்ற காரணத்தால் மட்டுமே ஒரு பெண் இசைந்தாள் என்று கொள்ளக் கூடாது. அந்த ‘மட்டுமே’ ஆங்கில மூலத்தில் ‘ஒன்லி’. பயிற்சியாளர் சிவப்புக் கோடு கிழித்த அதே சொல். அதே பிரிவு, ஊடுருவல் ‘எந்த அளவினதாயினும்’ குற்றம் என்கிறது. கொஞ்சம்தான் நடந்தது, லேசாகத்தான் என்று குற்றத்தைச் சுருக்கிக் காட்டும் வழியை அந்தத் தொடர் அடைக்கிறது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இரண்டும் இருக்கின்றன.

எங்கள் மாவட்டத்திலேயே வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று அந்த மலையடிவாரக் கிராமத்தில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். 18 பெண்கள் வன்புணரப்பட்டார்கள். நடந்தது சந்தனக்கட்டைத் தேடுதல்தான் என்று சொல்லப்பட்டது. அந்தத் ‘தான்’ என்ற ஓரசையை உடைக்க அந்தப் பெண்களுக்கு 19 ஆண்டு ஆனது. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. சிறிய சொல் சிறிய விஷயம் அல்ல.

மறுபடி அந்தப் புளிக் குவியலுக்கு வருகிறேன். மகளின் படிப்பைப் பற்றி அம்மாவிடம் தனியே கேட்டேன். அவர் தலை நிமிராமல் சொன்னார்: “பிளஸ் டூ முடிச்சப்பவே கேட்டு வந்தாங்க மேடம். இன்னும் கொஞ்ச நாள் போவட்டும்னேன். அடுத்த வருசமும் அதான் சொன்னேன். இப்பவும் அதான் சொல்லிக்கிட்டிருக்கறன்.”

‘கொஞ்ச நாள்’, ‘கொஞ்ச நாள்’ என்று துண்டு துண்டாக மூன்று ஆண்டு வாங்கியிருக்கிறார். அந்தப் பெண்ணின் பட்டப்படிப்பு முழுவதும் அந்த ஒரு சொல்லின்மேல் நிற்கிறது. ‘முடியாது’ என்று சொன்னால் அடி விழும் வீட்டில், இல்லையென்று சொல்லாமலே இல்லையென்று ஆக்கும் சொல்லை அவர் கண்டுபிடித்திருக்கிறார். ஆங்கிலத்துக்கு ஹார்ட்லி எப்படியோ, அவருக்கு இது அப்படி. பலகையில் கோடு கிழித்தவருக்கு இந்த இலக்கணம் தெரியாது.

இதை நான் போற்றிப் பாடவும் மாட்டேன். தன் மறுப்பை மூன்று ஆண்டு மடியில் மறைத்து வைத்திருக்கவேண்டிய நிலை ஒரு பெண்ணுக்கு ஏன் இருக்கவேண்டும்? அவர் சாமர்த்தியத்தை வியந்துவிட்டு நகர்ந்தால், நாமும் திண்ணைக்காரர் பக்கம் சேர்ந்துவிடுவோம். அவர் வெளிப்படையாக ‘வேண்டாம்’ என்று சொல்லக்கூடிய வீடு வேண்டும். அது வரும்வரை அவர் கையில் இருக்கும் சொல்லைப் பிடுங்காதீர்கள் என்பதுதான் என் வாதம்.

நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கிறது அதியமான்கோட்டை. தகடூர் அதியமான், ஔவையைத் தொண்டைமானிடம் தூது அனுப்பிய மண் இது. அவன் இறந்தபோது ஔவை பாடிய புறப்பாட்டு குறைவையும் மிகுதியையும் வைத்தே தொடங்குகிறது. கள் குறைவாகக் கிடைத்தால் அதை எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட உடனிருந்து மகிழ்ந்து உண்பான் என்கிறாள். அங்கே ஒரு பெண் கொஞ்சத்தையும் நிறையவையும் தானே அளக்கிறாள். அரசனின் தரத்தை அந்த அளவையால் சொல்கிறாள். படி அவள் கையில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த அளவை இலக்கணம் அதுதான்.

மாணவிகளுக்கு நான் இப்போது சொல்வது இதுதான். ‘கொஞ்சம்’ என்ற சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் உழைப்பின்மேல் விழுந்தால் மணியைச் சொல்லுங்கள், கிலோவைச் சொல்லுங்கள், லிட்டரைச் சொல்லுங்கள். அது உங்கள்மேல் நடந்த வன்முறையின்மேல் விழுந்தால் ‘எந்த அளவினதாயினும்’ என்ற சட்டத்தைச் சொல்லுங்கள். அது உங்கள் ஆசையின்மேல் விழுந்தால் எவ்வளவு போதும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். ‘தான்’ வரும்போது அதன் முதல் முகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மாணவி தேர்வெழுத வந்தாள். பி.எட். விண்ணப்பத்தை நிரப்ப என்னிடம் கொண்டுவந்தாள். கல்யாணப் பேச்சு இன்னும் முடியவில்லை, அம்மா இன்னும் ‘கொஞ்ச நாள்’ சொல்லிக்கொண்டிருக்கிறார். தாயின் தொழில் என்ற இடத்தில் அவள் பேனா நின்றது. முன்பெல்லாம் ‘ஹவுஸ் வைஃப் ஒன்லி’ என்று எழுதுவாளாம். “என்ன மேம் எழுதட்டும்?” என்றாள். “பால் சொசைட்டில எவ்வளவு ஊத்தறாங்க?” என்று கேட்டேன். சொன்னாள். காடு எவ்வளவு? அதையும் சொன்னாள். புளி?

கட்டம் போதவில்லை. பக்கத்து ஓரத்தில் எழுதத் தொடங்கினாள்.